வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது யார்? அமெரிக்காவின் தீராத வரிசைச் சண்டை

2019 டிசம்பர் 3ஆம் தேதி, அதிபர் வேட்பாளர் போட்டியிலிருந்து கமலா ஹாரிஸ் விலகினார். தொடர்ந்து நடத்தக் கையில் பணம் இல்லை என்று அவரே சொன்னார். அன்றைக்கு எந்த மாநிலத்திலும் ஒருவர்கூட ஓட்டுப் போட்டிருக்கவில்லை. முதல் மாநிலத்தின் வாக்கெடுப்புக்கே இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

நாலரை வருடம் கழித்து, 2024 ஜூலை 21 ஞாயிற்றுக்கிழமை, ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். மறுநாள் இரவுக்குள் வேட்பாளராவதற்குத் தேவையான கட்சிப் பிரதிநிதிகளின் ஆதரவு ஹாரிஸ் பக்கம் சேர்ந்துவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரத்தில், மாநாடு கூடுவதற்கு முன்பே, ஆன்லைனில் வாக்கெடுப்பு நடத்தி முடித்துவிட்டார்கள். அவருடைய தாத்தாவின் சொந்த ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் பேனர் வைத்தார்கள், கோயிலில் பூஜை நடந்தது.

முதல் தடவை, வாக்காளர் வருவதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது. இரண்டாம் தடவை, வாக்காளர் ஓட்டுப் போட்டு வீட்டுக்குப் போன பிறகு கதை தொடங்கியது. ஒரே ஆள், ஒரே கட்சி, இரண்டு தடவையும் விதிமீறல் எதுவும் இல்லை. அமெரிக்க வேட்பாளர் தேர்வு முறையைத் திருத்த வேண்டும் என்று ஐம்பது வருடங்களுக்கு மேலாக ஏன் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது இதிலேயே பாதி புரிந்துவிடும்.

நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தலும், எலக்டோரல் காலேஜ் கணக்கும் நம் வாசகர்களுக்கு ஓரளவு பழக்கம். அதற்கு முந்தைய ஆறு மாதக் கூத்துதான் குழப்பும். சுருக்கமாகச் சொன்னால் இப்படி: ஒவ்வொரு மாநிலத்திலும் இரண்டு கட்சிகளும் தனித்தனியாகப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கின்றன. யாருக்கு எத்தனை பிரதிநிதிகள் என்பதைச் சில மாநிலங்களில் காக்கஸ் எனப்படும் கட்சிக் கூட்டமும், பெரும்பாலான மாநிலங்களில் பிரைமரி எனப்படும் வாக்குப்பதிவும் முடிவு செய்கின்றன. கோடையில் நடக்கும் தேசிய மாநாட்டில் பாதிக்கு மேல் பிரதிநிதிகளைப் பெற்றவர் வேட்பாளர். மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடுவதில்லை. ஜனவரியில் ஒன்று, அப்புறம் ஒன்று, மார்ச்சில் ஒரே நாளில் பதினைந்து, ஜூனில் மிச்சம் மீதி. இந்த வரிசைதான் எல்லாச் சண்டைக்கும் மூலம்.

அரசியல் சாசனத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதை எழுதியவர்களுக்குக் கட்சி என்ற சொல்லே பிடிக்காது. அதனால் யாரும் உட்கார்ந்து திட்டமிடாமல், அவ்வப்போது எழுந்த கோபத்துக்குப் பதிலாக வளர்ந்த முறை இது. முதலில் நாடாளுமன்ற உறுப்பினர்களே கூடி வேட்பாளரை முடிவு செய்தார்கள். 1824இல் அப்படி நடந்த கூட்டத்துக்கு 66 பேர்தான் வந்தார்கள். அவர்கள் நிறுத்திய வில்லியம் கிராஃபோர்ட் தோற்றார், அந்த ஏற்பாடும் அத்தோடு செத்தது. அப்புறம் மாநாடுகள் வந்தன. மாநாடு என்றால் இன்றைக்கு நாம் டிவியில் பார்க்கும் பலூன் விழா இல்லை. 1924இல் நியூயார்க்கில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாடு 103 சுற்று ஓட்டெடுத்த பிறகுதான் ஜான் டேவிஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. அவரும் நவம்பரில் படுதோல்வி அடைந்தார்.

பிரைமரி என்ற யோசனை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் பல பத்தாண்டுகள் அது வெறும் பலப்பரீட்சை. 1912இல் தியோடர் ரூஸ்வெல்ட் 12 பிரைமரிகளில் 9ஐ ஜெயித்தார். குடியரசுக் கட்சி அப்போது பதவியில் இருந்த டாஃப்டையே மறுபடி நிறுத்தியது. 1952இல் எஸ்டெஸ் கெஃபாவர் என்ற ஜனநாயகக் கட்சி செனட்டர் 15இல் 12 பிரைமரிகளை ஜெயித்துக்கொண்டு மாநாட்டுக்குப் போனார். கட்சிப் பெரிய தலைகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. போட்டியிலேயே இல்லாத அட்லாய் ஸ்டீவன்சனை வேட்பாளராக்கிவிட்டார்கள்.

சிகாகோ, 1968

எல்லாம் உடைந்தது 1968இல். வியட்நாம் போரால் ஜனநாயகக் கட்சி இரண்டுபட்டிருந்தது. மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷர் பிரைமரியில், போரை எதிர்த்த செனட்டர் யூஜின் மெக்கார்த்தி சுமார் 42 சதவீதம் வாங்கினார். பதவியில் இருக்கும் அதிபரை எதிர்த்து அது சாதாரண ஓட்டு இல்லை. அந்த மாதக் கடைசியில் லிண்டன் ஜான்சன் தான் மறுபடி நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார். ஜூனில் கலிஃபோர்னியா பிரைமரியை ஜெயித்த அதே இரவில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோவில் மாநாடு கூடியபோது, ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத துணை அதிபர் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரே வேட்பாளரானார்.

பென்சில்வேனியாவை மட்டும் எடுத்துப் பாருங்கள். அங்கே பிரைமரியில் மெக்கார்த்திக்கு 70 சதவீதத்துக்கு மேல் ஓட்டு. மாநாட்டில் அந்த மாநிலப் பிரதிநிதிகளில் பெரும்பகுதி ஹம்ஃப்ரே பக்கம் கை தூக்கியது. வெளியே தெருவில் போலீஸ் இளைஞர்களை அடித்துக்கொண்டிருந்தது, கண்ணீர்ப் புகை ஹோட்டல் வரைக்கும் வந்தது, எல்லாம் டிவியில் நேரடியாக ஓடியது. நவம்பரில் நிக்சன் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஆறப்போட முடியாத கோபம் அது. கட்சி ஒரு குழுவை அமைத்தது. தலைவர் செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன், பிறகு டொனால்ட் ஃப்ரேசர். மாநிலங்களில் நடந்ததை அந்தக் குழு தோண்டிப் பார்த்தபோது, சில இடங்களில் தேர்தலுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே பிரதிநிதிகளை முடிவு செய்துவிட்டது தெரிந்தது. யார் போட்டியிடப் போகிறார்கள், எந்தப் பிரச்சினை முன்னுக்கு வரும் என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே! குழு புது விதிகளைப் போட்டது: தேர்தல் வருடத்திலேயே, முன்கூட்டி அறிவித்து, உறுப்பினர் எல்லாரும் வரக்கூடிய முறையில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரைமரி நடத்துங்கள் என்று அந்தக் குழு சொல்லவே இல்லை. ஆனால் புது விதிக்கு ஒத்துவரும்படி கட்சிக் கூட்டங்களைத் திருத்துவது தலைவலி. பேசாமல் ஒரு தேர்தலை வைத்துவிட்டால் யாரும் வழக்குப் போட முடியாது, செலவும் மாநில அரசுடையது. ஆக மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரைமரிக்கு மாறின. 1968இல் இருபதுக்கும் குறைவான மாநிலங்களில் இருந்த பிரைமரி, 1980க்குள் முப்பதைத் தாண்டிவிட்டது. பிரைமரிச் சட்டம் இரண்டு கட்சிக்கும் பொது என்பதால், யாரும் கேட்காமலேயே குடியரசுக் கட்சியும் மாறிப்போனது. 1972இல் விதிகளை எழுதிய மெக்கவர்னே அந்த விதிகளின்படி வேட்பாளரானார். 49 மாநிலங்களில் தோற்றார்.

பத்து வருடம் கழித்து, 'இப்படி மொத்தமாக வாக்காளர் கையில் விட்டுவிட்டோமே' என்று கட்சிக்கு உதறல் எடுத்தது. எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகள் யார் பக்கமும் கட்டுப்படாமல் ஓட்டுப் போடலாம் என்று 1984 முதல் ஒரு ஏற்பாடு வந்தது. அவர்கள்தான் சூப்பர் டெலிகேட்கள். 2016இல் அவர்களில் பெரும்பாலோர் முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே ஹிலரி கிளின்டன் பக்கம் நின்றதில், அவரோடு போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் கொதித்துப்போனார்கள். 2018இல் விதி மறுபடி மாறியது: போட்டி இழுபறியாக இருந்தால் முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்களுக்கு ஓட்டுக் கிடையாது.

ஒவ்வொரு திருத்தமும் போன தேர்தலின் புண்ணுக்குப் போட்ட கட்டு. அடுத்த தேர்தலில் வேறு இடத்தில் வலித்தது.

ரோனியோ மிஷினும் சோளக்காடும்

எல்லாரையும் விட முன்னால் அயோவா வந்தது எப்படி? யாரும் அதற்கு முதலிடம் கொடுக்கவில்லை. அந்த மாநிலத்தில் தேர்வு நான்கு கட்டம்: வார்டு, கவுன்டி, மாவட்டம், மாநிலம். மெக்கவர்ன் குழுவின் விதிப்படி ஒவ்வொன்றையும் முன்கூட்டி அறிவித்து, இடைவெளி விட்டு நடத்த வேண்டும். மாநில மாநாட்டுக்கு நினைத்த தேதியில் தலைநகர் டி மாய்னில் போதிய ஹோட்டல் அறை கிடைக்கவில்லை, அதனால் மாநாட்டை முன்கூட்டியே மே மாதத்தில் வைத்துக்கொண்டார்கள். நான்கு கட்டத்துக்கும் தாள்களை நகலெடுக்கக் கட்சி அலுவலகத்தில் இருந்தது பழைய, மெதுவான ஒரு ரோனியோ மிஷின். பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் முதல் கட்டம் 1972 ஜனவரி 24இல் வந்து நின்றது. அயோவாக்காரர்கள் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது.

நாலு வருடம் கழித்து, ஜார்ஜியாவுக்கு வெளியே அவ்வளவாகப் பெயர் தெரியாத ஜிம்மி கார்ட்டர் அங்கே மாதக்கணக்கில் வீடு வீடாகப் போனார். கிடைத்தது சுமார் 28 சதவீதம். 'யாருக்கும் இல்லை' என்று சொன்னவர்கள் அதைவிட அதிகம்! ஆனால் மறுநாள் செய்தியில் ஜெயித்தவர் கார்ட்டர்தான். அன்றிலிருந்து எல்லா வேட்பாளர்களும் குளிர்காலத்தில் அயோவாவுக்குப் போகத் தொடங்கினார்கள்.

ஜனநாயகக் கட்சியின் அயோவா காக்கஸ் 2020 வரை எப்படி நடந்தது என்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். இரவு 7 மணி. பள்ளி ஜிம், நூலகம் அல்லது தேவாலய ஹால். வாக்குச்சீட்டு ரகசியம் எல்லாம் கிடையாது. கூடத்தின் ஒரு மூலையில் ஒரு வேட்பாளரின் ஆட்கள், இன்னொரு மூலையில் இன்னொருவருடைய ஆட்கள். தலையை எண்ணுவார்கள். கூடத்தில் 15 சதவீதம் தேறாத குழுவுக்கு அந்த இடத்தில் மதிப்பில்லை. உடனே மற்ற மூலைக்காரர்கள் வந்து, 'எங்க பக்கம் வந்துடுங்க' என்று பிடித்து இழுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையின் டீச்சர், வேலை கொடுத்த முதலாளி எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் எழுந்து வேறு மூலைக்குப் போக வேண்டும். கடைசியில் ஒரு பிரதிநிதி இடத்துக்குச் சமநிலை வந்தால், காசைச் சுண்டிப் போட்டு முடிவு.

பார்க்க அழகான ஜனநாயகம். ஆனால் இரவு ஷிப்டில் இருக்கும் நர்ஸ் அங்கே வர முடியாது. கைக்குழந்தைக்காரி வர முடியாது. 2024 ஜனவரி 15 அன்று குடியரசுக் கட்சி காக்கஸ் நடந்தபோது, உறையும் புள்ளிக்கும் இருபது டிகிரி கீழே குளிர். 32 லட்சம் பேர் வாழும் மாநிலத்தில் ஓட்டுப் போட்டது சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் பேர். அதில் 51 சதவீதம் டிரம்புக்கு. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த விவேக் ராமசாமிக்கு 7.7 சதவீதம். அன்றிரவே அவர் மூட்டையைக் கட்டிவிட்டார். மற்ற 49 மாநிலங்களில் ஒருவரும் வாய் திறப்பதற்கு முன்னால்.

எண்ணுவதிலும் கோளாறு. 2012இல் மிட் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, இல்லை இல்லை, ரிக் சான்டோரம் 34 ஓட்டு முன்னால் என்றார்கள். கடைசியில் மாநாட்டுக்குப் போன அயோவா பிரதிநிதிகளில் பெரும்பாலோர் மூன்றாவதாக வந்த ரான் பாலின் ஆட்கள்! 2020இல் ஜனநாயகக் கட்சி முடிவுகளை அனுப்ப ஒரு மொபைல் ஆப்பை நம்பியது. ஆப் படுத்துவிட்டது. ஜெயித்தவர் யார் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவிக்கவே மறுத்துவிட்டது. இதைப் பார்த்த பிறகு காக்கஸை ஆதரிக்க எனக்கு எந்தக் காரணமும் தோன்றவில்லை. பல மாநிலங்களும் அதே முடிவுக்கு வந்துவிட்டன. 2016இல் காக்கஸ் நடத்திய மினசோட்டா, கொலராடோ, மெய்ன் போன்றவை 2020இல் பிரைமரிக்கு மாறின. சீர்திருத்தம் என்ற பெயரில் உருப்படியாக நடந்த ஒரே விஷயம் அநேகமாக இதுதான்.

மேசையில் இருக்கும் யோசனைகள்

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது: நாடு முழுக்க ஒரே நாளில் பிரைமரி. 1913 டிசம்பரிலேயே அதிபர் வுட்ரோ வில்சன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய தம் முதல் ஆண்டு உரையில், மாநாடுகளின் தலையீடு இல்லாமல் வாக்காளர்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கத் தேசிய அளவில் பிரைமரி வேண்டும் என்று கேட்டார். நூறு வருடங்களுக்கு மேலாகியும் அது நடக்கவில்லை. நடக்காததில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஒரே நாள் என்றால் அந்த நாளில் யாரை நாட்டுக்கே தெரியுமோ அவர்தான் ஜெயிப்பார். 2007 கடைசியில் தேசியக் கருத்துக்கணிப்புகளில் ஹிலரி கிளின்டன் ஒபாமாவை விட வெகுதூரம் முன்னால் இருந்தார். 2008 ஜனவரி 3 அன்று அயோவாவில் ஒபாமா ஜெயித்த பிறகுதான், 'இவரும் ஜெயிக்கக்கூடியவர்தான்' என்று மற்ற மாநிலங்கள் திரும்பிப் பார்த்தன. வரிசையாக நடப்பதில் ஒரு சோதனையும் இருக்கிறது. 2020இல் கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பெர்க் முதல் நான்கு மாநிலங்களைத் தாண்டிக் குதித்து, விளம்பரத்துக்குக் காசை வாரி இறைத்து, பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் மார்ச் மாத சூப்பர் செவ்வாய்க்கு நேராகக் குறிவைத்தார். நடுவில் பிப்ரவரி 19 அன்று லாஸ் வேகஸில் விவாத மேடை. சக வேட்பாளர் எலிசபெத் வாரன் அவரை அங்கே வைத்து உரித்தெடுத்தார். சூப்பர் செவ்வாயில் புளூம்பெர்க் ஜெயித்தது அமெரிக்கன் சமோவா என்ற ஒரே ஒரு தீவுப் பகுதியை. முதல் ஓட்டே சூப்பர் செவ்வாய் என்று இருந்திருந்தால் அந்த மேடைக்கே அவர் வந்திருக்கத் தேவையில்லை.

இரண்டாவது, மண்டல வாரியாகச் சுழற்சி. மாநிலங்களில் தேர்தல் பொறுப்பைப் பார்க்கும் மாநிலச் செயலாளர்களின் தேசிய சங்கம் 1999இல் முன்வைத்தது இது. வடகிழக்கு, தெற்கு, மத்திய மேற்கு, மேற்கு என்று நாட்டை நான்காகப் பிரித்து, மார்ச் முதல் ஜூன் வரை மாதம் ஒரு மண்டலம். இந்தத் தடவை முதலில் வந்தவர் அடுத்த தடவை கடைசி. 2005இல் கார்ட்டரும் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரும் தலைமை தாங்கிய தேர்தல் சீர்திருத்தக் குழுவும் இதையே பரிந்துரைத்தது. இரண்டு திட்டத்திலும் அயோவாவும் நியூ ஹாம்ப்ஷரும் முதலிடத்தை விடாமல் வைத்துக்கொண்டன. அயோவாவால் அதிபரானவர் அயோவாவில் கைவைப்பார் என்று எதிர்பார்ப்பதும் கொஞ்சம் அதிகம்தான்.

எனக்கு இதிலும் ஒரு உறுத்தல் உண்டு. ஒரு மண்டலம் முதலில் வந்தால் அந்த மண்டலத்துக்காரருக்குக் கொண்டாட்டம். 1988இல் தெற்கு மாநிலங்கள் கிட்டத்தட்ட இதைச் செய்து பார்த்தன. மிதமான போக்குள்ள தெற்கத்திக்காரர் ஒருவரை வேட்பாளராக்க வேண்டும் என்று மார்ச் 8ஆம் தேதி ஒன்றாக ஓட்டுப் போட்டன. ஜெஸ்ஸி ஜாக்சனும் அல் கோரும் மாநிலங்களைப் பங்கு போட்டுக்கொள்ள, வடக்கத்திக்காரரான மைக்கேல் டுகாகிஸ் பெரிய மாநிலங்களான டெக்சஸையும் புளோரிடாவையும் எடுத்துக்கொண்டு போனார். வேட்பாளரும் அவரே.

மூன்றாவது டெலவேர் திட்டம். மாநிலங்களை மக்கள்தொகைப்படி நான்கு தொகுதியாக்கி, சின்ன மாநிலங்கள் முதலில், கலிஃபோர்னியா, டெக்சஸ் போன்றவை கடைசியில். கையில் காசில்லாத வேட்பாளர் சின்ன இடத்தில் தொடங்கி மெல்ல வளரலாம், பெரிய மாநிலங்கள் கடைசியில் இருப்பதால் போட்டி சீக்கிரம் முடியவும் முடியாது. யோசனைகளில் இதுதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. 2000இல் குடியரசுக் கட்சியில் இது கிட்டத்தட்ட நிறைவேறும் நிலைக்கு வந்தது. ஃபிலடெல்ஃபியா மாநாட்டில் ஜார்ஜ் புஷ் தரப்பு கைவிட்டதும் விதிக் குழுவிலேயே செத்துவிட்டது. வேட்பாளராகி நிற்கிறவருக்கு, தன் மாநாட்டில் விதிச் சண்டை எதற்கு? பெரிய மாநிலக்காரர்களையும் பகைத்துக்கொள்ள வேண்டாமே.

இதுவரை சொன்னவை எல்லாம் தேதியைப் பற்றியவை. எண்ணும் முறை பற்றி அவ்வளவு சத்தம் இல்லை. என்னைக் கேட்டால் சங்கதி அங்கேதான் இருக்கிறது.

2016 பிப்ரவரியில் தென் கரோலைனா. குடியரசுக் கட்சிப் பிரைமரியில் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம். அந்த மாநிலத்தின் 50 பிரதிநிதிகளும் அவருக்கு. மூன்றில் இரண்டு பேர் வேறு யாருக்கோ போட்ட ஓட்டுக்கு ஒரு பிரதிநிதிகூட இல்லை. அந்தத் தடவை முக்கியமான வேட்பாளர்களே 17 பேர். எதிர்த்தவர்களின் ஓட்டு அவர்களுக்குள்ளேயே சிதறியது. மாநிலம் என்று எடுத்துக்கொண்டால் டிரம்ப் முதன்முதலில் 50 சதவீதத்தைத் தாண்டியது ஏப்ரல் 19 அன்று, சொந்த மாநிலமான நியூயார்க்கில். அவரை எல்லாரும் சேர்ந்து தோற்கடித்திருப்பார்களா என்றால், அது வேறு கேள்வி. பலருக்கு இரண்டாவது விருப்பமாகவும் அவரே இருந்திருக்கலாம். அந்தக் கேள்வியை வாக்காளரிடம் கேட்க அந்தச் சீட்டில் இடமே இல்லை என்பதுதான் விஷயம்.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது விருப்ப வரிசை வாக்கு. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று எண் போடுவது. இலங்கை வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 செப்டம்பரில் அங்கே ஜனாதிபதித் தேர்தல் முதன்முறையாக விருப்பு வாக்கு எண்ணிக்கை வரை போனது. அமெரிக்காவில் 2020 ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் அலாஸ்கா, ஹவாய், கான்சஸ், வயோமிங் நான்கும் இதைப் பயன்படுத்தின. தேறாத வேட்பாளரின் ஓட்டு அடுத்த விருப்பத்துக்குப் போகும். மீதியிருப்பவர்கள் எல்லாரும் 15 சதவீதத்தைத் தாண்டும்வரை இப்படியே. காக்கஸ் ஹாலில் மூலைக்கு மூலை இழுத்த அதே வேலைதான், ஆனால் வீட்டு மேசையில், பேனாவால்.

இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. 2020 சூப்பர் செவ்வாய்க்கு ஓரிரு நாள் முன்னால் பீட் புட்டிஜெஜும் ஏமி குளோபுச்சரும் விலகினார்கள். கலிஃபோர்னியா போன்ற இடங்களில் தபாலில் ஏற்கெனவே ஓட்டை அனுப்பிவிட்டவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எண் போட்டிருந்தால் அந்த ஓட்டுகள் வீணாகியிருக்காது.

யார் ஓட்டுப் போடலாம் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஹாம்ப்ஷரில் எந்தக் கட்சியும் சாராதவர்கள் அன்றைக்கு நினைத்த கட்சியில் ஓட்டுப் போடலாம். நியூயார்க்கில் கட்சி உறுப்பினராகப் பதிந்தவர்தான் முடியும். 2016 ஏப்ரல் பிரைமரிக்குக் கட்சி மாறுவதற்கான கடைசித் தேதி முந்தைய வருடம் அக்டோபர். இதைக் கவனிக்காமல் விட்டதால் டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் சொந்த அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியவில்லை.

வேறொரு தரப்பு, வாக்காளருக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்ததே தப்பு என்கிறது. ஒருவரோடு கூட வேலை பார்த்த செனட்டர்களுக்கும் ஆளுநர்களுக்கும் அவருடைய தராதரம் தெரியும், பிரைமரிக்கு முன்பே அவர்கள் ஒரு நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்தட்டும் என்று எலெய்ன் கமார்க் போன்ற கட்சி விவகார ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். வாதத்தில் சாரம் இல்லாமலில்லை. 2016இல் டிரம்புக்குக் கிடைத்த பிரைமரி ஓட்டு சுமார் 1 கோடியே 40 லட்சம், ஹிலரிக்கு சுமார் 1 கோடியே 69 லட்சம். 32 கோடிப் பேர் நாட்டில், இது 'மக்கள் தீர்ப்பு' என்று சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் மிகை உண்டு. ஆனால் சிகாகோ நினைவு இருக்கும்வரை, 'பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்' என்று மேடையேறிச் சொல்ல எந்த அரசியல்வாதிக்கும் துணிச்சல் வராது.

சரி, யார் மாற்றுவது?

இங்கேதான் முடிச்சு. பிரைமரி தேதியைக் குறிப்பது மாநிலச் சட்டமன்றம். செலவும் மாநிலத்துடையது. ஆனால் அந்த முடிவை ஏற்று யாரைப் பிரதிநிதியாக உட்கார வைப்பது என்பது தேசியக் கட்சியின் விருப்பம். கட்சி என்பது ஒரு தனியார் சங்கம், மாநிலச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது என்று 1981இல் விஸ்கான்சின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2000இல், யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சி வேட்பாளருக்கும் ஓட்டுப் போடலாம் என்ற கலிஃபோர்னியாவின் பிரைமரி முறையும் இதே காரணத்தால் ரத்தானது. நாடாளுமன்றம் ஒரே சட்டம் போட்டு எல்லாவற்றையும் சீராக்க முடியுமா என்பதில் சட்ட வல்லுநர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

ஆக மாநிலத்தின் கையில் தேதி, கட்சியின் கையில் நாற்காலி. மோதிக்கொண்டால் என்ன ஆகும்? 2008இல் மிச்சிகனும் புளோரிடாவும் விதியை மீறி முன்னால் தேர்தலை நடத்தின. பிரதிநிதிகளே கிடையாது என்றது ஜனநாயகக் கட்சி. ஒபாமா மிச்சிகன் சீட்டிலிருந்து பெயரையே எடுத்துக்கொண்டார். மே மாதக் கடைசியில், சரி, ஆளுக்கு அரை ஓட்டு என்று தண்டனையைக் குறைத்தார்கள். ஆகஸ்ட் மாநாட்டில் முழு ஓட்டையும் கொடுத்துவிட்டார்கள். நவம்பரில் அந்த இரண்டு மாநிலமும் வேண்டுமே!

2024இல் இன்னும் வேடிக்கை. பைடன் 2020இல் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷரில் ஐந்தாவது. அவரைக் காப்பாற்றியது தென் கரோலைனா. அதிபரானதும் தென் கரோலைனாவையே முதல் மாநிலமாக்கச் சொன்னார், கட்சியும் செய்தது. கறுப்பின வாக்காளர்களுக்கு முன்னிடம் தர வேண்டும் என்ற காரணம் நியாயமானதுதான். தனக்கு உதவிய மாநிலம் என்பதும் யாருக்கும் மறக்கவில்லை. நியூ ஹாம்ப்ஷர் அசையவில்லை. ஜனவரி 23 அன்று தன் பாட்டுக்குப் பிரைமரி நடத்தியது. அது 'அர்த்தமற்றது' என்று மக்களுக்கு எடுத்துச் சொல்லும்படி தேசியக் கட்சி மாநிலக் கட்சிக்குக் கடிதம் எழுத, அப்படிச் சொல்வது வாக்காளரைத் தடுக்கும் செயல், நிறுத்துங்கள் என்று மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் பதிலுக்கு நோட்டீஸ் விட்டது. பைடன் பெயர் சீட்டில் இல்லை. வாக்காளர்களே பேனாவால் எழுதிப் போட்டு அவரை ஏறக்குறைய 64 சதவீதத்தில் ஜெயிக்கவைத்தார்கள். பிற்பாடு அந்த மாநிலப் பிரதிநிதிகளுக்கும் நாற்காலி கிடைத்துவிட்டது.

குடியரசுக் கட்சியிலும் கதை வேறில்லை. 2024க்கு முன்னால் கலிஃபோர்னியா குடியரசுக் கட்சி தன் விதியை மாற்றியது: பாதிக்கு மேல் வாங்கினால் 169 பிரதிநிதிகளும் ஒருவருக்கே. அது யாருக்கு வசதி என்று அப்போது எல்லாருக்கும் தெரியும். விதியை மாற்றும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர், இருக்கிற விதியால் ஜெயித்து வந்தவர்தான்.

நியூ ஹாம்ப்ஷருக்கு எங்கிருந்து இந்தத் தைரியம்? அங்கே 1975இல் ஒரு சட்டம் போட்டார்கள். மற்ற எந்த மாநிலமும் இதே மாதிரித் தேர்தல் நடத்தினால் அதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால் நியூ ஹாம்ப்ஷர் பிரைமரி நடக்க வேண்டும். தேதியை அறிவிப்பது மாநிலச் செயலாளர். பில் கார்ட்னர் என்பவர் 1976 முதல் 2022 வரை அந்த நாற்காலியில் இருந்தார். யாராவது முன்னால் நகர்ந்தால் அவர் இன்னும் முன்னால் நகர்வார். அந்த மாநிலத்தின் வடக்கு மூலையில் டிக்ஸ்வில் நாட்ச் என்ற சிற்றூர், நள்ளிரவு அடித்ததும் ஓட்டுப் போட்டு உடனே எண்ணி முடிவைச் சொல்லும். 2024இல் அங்கே இருந்தது ஆறு வாக்காளர். ஆறும் குடியரசுக் கட்சியில் டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்கு. அவர்களைப் படமெடுக்க வந்த நிருபர் கூட்டம் அதைவிடப் பெரிது.

அயோவாவிலும் சட்டம் உண்டு. அங்கே எட்டு நாள். இரண்டு மாநிலமும் 'நான்தான் முதல்' என்று சட்டம் வைத்துக்கொண்டு ஐம்பது வருடம் சண்டையில்லாமல் இருந்தது ஒரே ஒரு சொல்லால்தான்: அயோவாவில் நடப்பது காக்கஸ், அதாவது கூட்டம். தேர்தல் இல்லை. அதனால் நியூ ஹாம்ப்ஷர் சட்டம் அதைத் தொடாது.

2024இல் அயோவா ஜனநாயகக் கட்சி ஒரு நல்ல காரியம் செய்யப் பார்த்தது. அந்த இரவு ஷிப்ட் நர்ஸும் பங்கெடுக்கட்டும் என்று, மூலையில் நிற்பதற்குப் பதில் தபாலில் கார்டு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. உடனே நியூ ஹாம்ப்ஷர் நிமிர்ந்து உட்கார்ந்தது: கார்டில் பெயரைக் குறித்துத் தபாலில் போட்டால் அது தேர்தல் மாதிரி அல்லவா இருக்கிறது? கடைசியில் அயோவா ஜனநாயகக் கட்சி ஜனவரி 15 இரவுக் கூட்டத்தில் கட்சி வேலைகளை மட்டும் பேசிவிட்டு, கார்டுகளை எண்ணி முடிவை மார்ச் 5 சூப்பர் செவ்வாய் அன்று, பதினைந்து மாநிலங்களின் முடிவுகளோடு சேர்த்து வெளியிட்டது. நர்ஸின் ஓட்டும் வந்து சேர்ந்தது. அன்றைக்கு அயோவாவின் முடிவைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.